மார்ஜின் கால் (2011): புத்திசாலிகளின் பேராசையைப் பற்றி ஒரு புத்திசாலியான படம்

ஓரக்கண்:

ஜே. சி. சாண்டோர் எழுதி இயக்கிய ‘மார்ஜின் கால்’ படத்துக்கு இந்தக் களத்தில் தனி இழை இல்லை என்பது எனக்கு நெடுநாளைய குறை. 2008 நிதி நெருக்கடியைப் பற்றி வந்த படங்களில் இதைவிடப் பரபரப்பானவை உண்டு. இதைவிட விரிவாக விளக்கம் சொல்பவையும் உண்டு. ஆனால் பேராசை என்பது ஓர் அலுவலகத்துக்குள், மரியாதையான குரலில், யாரும் மேசையைத் தட்டிக் கத்தாமல் எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு நிதானமாகக் காட்டிய வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை. முடிவு உட்பட எல்லாவற்றையும் இங்கே பேசப்போகிறோம் என்பதால், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

பெயர் சொல்லப்படாத ஒரு நியூயார்க் முதலீட்டு வங்கியில் ஆட்குறைப்பு நடக்கிறது. அங்கே 19 ஆண்டுகள் பணியாற்றிய, இடர் மேலாண்மைப் பிரிவின் பொறுப்பாளர் எரிக் டேல் அன்றே வெளியேற்றப்படுகிறார். லிஃப்ட் கதவு மூடும் நேரத்தில் அவர் தன் கீழ்ப் பணிபுரிந்த பீட்டர் சல்லிவனிடம் ஒரு பென்டிரைவைக் கொடுத்து, கவனமாக இரு என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதில் பாதியில் நிற்கும் கணக்கைப் பீட்டர் அன்றிரவே முடித்துப் பார்க்கிறான். நிறுவனம் வைத்திருக்கும் வீட்டு அடமானக் கடன் பத்திரங்களின் விலை 25 சதவீதம் சரிந்தால், அந்த நட்டம் நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பையே விழுங்கிவிடும் என்று தெரிகிறது. செய்தி படிப்படியாக மேலே ஏறுகிறது. நள்ளிரவு கடந்து தலைமை நிர்வாகி ஜான் டல்ட் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறார். மதிப்பு இல்லை என்று தாங்கள் அறிந்துவிட்ட பத்திரங்களை, அதை இன்னும் அறியாதவர்களிடம் காலையில் விற்றுத் தீர்ப்பது என்று முடிவாகிறது.

இந்தப் படத்தில் பேராசை ஒருபோதும் ஆசையின் முகத்தோடு வருவதில்லை என்பதே என் வாதம். யாராவது தயங்கும்போது அந்தத் தயக்கத்துக்குச் சொல்லப்படும் ஒரு தொகையாகத்தான் அது வருகிறது. காலையில் விற்பனைக்குத் தயாராகும் ஊழியர்களிடம், தம் பங்கில் 93 சதவீதத்தை விற்றுவிட்டால் ஆளுக்கு 14 லட்சம் டாலர், வர்த்தகத் தளம் முழுவதும் அந்த இலக்கை எட்டினால் மேலும் 13 லட்சம் டாலர் என்று சொல்லப்படுகிறது. அதைச் சொல்பவர், இந்த விற்பனைக்குப் பிறகு உங்களில் பலரை இந்தத் தொழிலில் எவரும் நம்பமாட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். எம்.ஐ.டி.யில் ராக்கெட் உந்துவிசை படித்த பீட்டர் ஏன் இங்கே வந்தான் என்ற கேள்விக்கு, இரண்டுமே எண்கள்தான், இங்கே சம்பளம் அதிகம் என்று பதில் சொல்கிறான். நிறுவனத்துக்குள் எவரும் ஏமாற்றப்படவில்லை, எல்லோருக்கும் எல்லாம் சொல்லப்படுகிறது, அதன்பின் ஒப்புக்கொள்கிறார்கள். கெட்டவன் ஒருவனைக் கண்டுபிடித்துக் கூண்டில் ஏற்றும் படங்களைவிட இது என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மழைக்குறிப்பு:

நண்பர் ஓரக்கண் சொன்னதோடு திரைக்கதையின் கட்டமைப்பைப் பற்றி ஒன்றைச் சேர்க்கிறேன். பீட்டர் கண்டுபிடித்தது இந்தப் படத்தில் மீண்டும் மீண்டும் விளக்கப்படுகிறது. முதலில் அவனே கணினி முன் உட்கார்ந்து, காதில் இயர்போனோடு, பேசாமல் புரிந்துகொள்கிறான், அடுத்து நண்பன் செத் பிரெக்மனுக்கும் மேலாளர் வில் எமர்சனுக்கும், பிறகு தளத்தின் தலைவர் சாம் ராஜர்ஸுக்கு, பிறகு இன்னும் மேலே இருக்கும் ஜாரெட் கோஹனுக்கு, கடைசியில் டல்டுக்கு. பதவி உயர உயர விளக்கம் எளிமையாகிக்கொண்டே போகிறது. சாம், எனக்கு இந்தத் திரையெல்லாம் படிக்க வராது, பேச்சு மொழியில் சொல் என்கிறார். டல்ட் இன்னும் ஒரு படி போய், ஒரு குழந்தைக்கோ வளர்ப்பு நாய்க்கோ சொல்வதுபோலச் சொல் என்று கேட்கிறார். தன்னை இந்த நாற்காலிக்குக் கொண்டுவந்தது மூளை இல்லை என்றும் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறார்.

பார்வையாளருக்குப் பொருளாதாரப் பாடம் நடத்த வேண்டிய கட்டாயத்தை இப்படி ஓர் அதிகார ஏணியின் அங்கதமாக மாற்றியது அசாத்தியமான எழுத்து. நமக்குப் புரியும் அளவுக்கு விளக்கம் எளிமையாகும் நேரத்தில்தான், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள மனிதருக்கும் அது புரிகிறது. கேமரா பெரும்பாலும் எண்களை விட்டுவிட்டு, எண்களைப் படிப்பவர்களின் முகங்களில் நிற்கிறது. 84ஆவது ஆஸ்கர் விருதுகளில் அசல் திரைக்கதைக்கான பரிந்துரை இந்தப் படத்துக்குக் கிடைத்தது; விருது வேறொன்றுக்குப் போனது. எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான்.

கணக்குப்பிள்ளை:

வங்கி ஒன்றின் இடர் அறிக்கைகளைத் தயாரிக்கும் பிரிவில் பணியாற்றுபவன் என்ற முறையில், படம் தொழில்நுட்ப விவரத்தில் எவ்வளவு நேர்மையாக இருக்கிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் ‘அந்தக் கணக்கு என்ன’ என்று பலர் கேட்கிறார்கள்.

ஒரு முதலீட்டு வங்கி தன் சொந்த மூலதனம் 1 டாலரை வைத்துக்கொண்டு 29 டாலர் கடன் வாங்கி, 30 டாலருக்குச் சொத்து வைத்திருக்கிறது என்று கொள்வோம். சொத்தின் விலை 3.3 சதவீதத்துக்குச் சற்று மேல் இறங்கினாலே சொந்த மூலதனம் முழுவதும் போய்விடும். இது கற்பனை எண் இல்லை. 2008 செப்டம்பர் 15 அன்று திவாலுக்கு மனுச் செய்த லேமன் பிரதர்ஸ் அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ இந்த விகிதத்தில்தான் இயங்கிக்கொண்டிருந்தது. மனுச் செய்தபோது அதன் கணக்கில் காட்டப்பட்ட சொத்து 63,900 கோடி டாலர். விலை சற்று ஏறினால் லாபம் முப்பது மடங்காகத் தெரியும்; ஊக்கத்தொகை ஆண்டுக்கு ஒருமுறை அந்த லாபத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். ஆகவே கடனைக் குறைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும், அவர் எல்லோருடைய ஊக்கத்தொகையையும் குறைக்கச் சொல்பவராகிவிடுகிறார். என் பிரிவைப் போன்ற பிரிவுகளின் நிரந்தரப் பிரச்சினை இதுதான்.

படம் கவனித்துச் சொல்லும் இன்னொரு நுட்பம் உண்டு. பல்லாயிரம் வீட்டுக் கடன்களைச் சேர்த்து, அடுக்கடுக்காகப் பிரித்து, பத்திரமாக்கி விற்பதற்கு நாள் பிடிக்கும். படத்தில் அது சுமார் ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் சரக்கு நிறுவனத்தின் கணக்கிலேயே கிடக்கும். விற்பனை ஓடும்வரை இது யாருக்கும் உறுத்துவதில்லை. வாங்குபவர்கள் தயங்கத் தொடங்கியதும் கிடங்கு நிரம்பிவிடுகிறது. இதை அளக்க வைத்திருந்த வரம்புகளோ கடந்தகால விலை ஏற்ற இறக்கத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜே. பி. மார்கன் வங்கி 1994 இல் தன் இடர் மதிப்பீட்டு முறையை வெளியிட்ட பிறகு இந்த வகை அளவீடு உலகெங்கும் பரவியது. கடந்த சில ஆண்டுகள் அமைதியாக இருந்தால், வரும் நாட்களும் அமைதியாக இருக்கும் என்றே அந்த எண் சொல்லும். பீட்டர் கண்டுபிடிப்பது, கடந்த இரண்டு வாரங்களில் சில நாட்கள் அந்த வரம்பு ஏற்கெனவே மீறப்பட்டுவிட்டது என்பதைத்தான். அதாவது அவன் எதிர்காலத்தைக் கணிக்கவில்லை. நடந்து முடிந்ததை முதன்முதலாகக் கூட்டிப் பார்க்கிறான்.

எரிக் டேலை வெளியேற்றியதும் அவருடைய கைப்பேசி இணைப்பையும் நிறுவனமே துண்டித்துவிடுகிறது. பிறகு இரவு முழுவதும் அதே நிறுவனம் அவரைத் தேடி ஆள் அனுப்புகிறது. இதை நகைச்சுவை என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது அப்பட்டமான நடைமுறை விவரம்.

தெற்குவாசல்:

மூவரும் படத்தின் அழகில் மயங்கிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் நடிப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அடிப்படையான ஒரு கேள்வி இருக்கிறது. 2008 நெருக்கடியில் அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. அந்தக் குடும்பங்களில் ஒன்றுகூட இந்தப் படத்தில் இல்லை. கடன் கட்ட முடியாமல் தவித்த ஒருவரின் முகம்கூட இல்லை. மாறாக, விலையுயர்ந்த உடை அணிந்த சிலர், விடியற்காலை வெளிச்சத்தில் கண்ணாடிச் சுவருக்கு அருகே நின்று மனச்சாட்சியோடு போராடுவதை நாம் ஒன்றே முக்கால் மணி நேரம் அனுதாபத்தோடு பார்க்கிறோம்.

இது விமர்சனமா, அல்லது விமர்சனத்தின் தோற்றம் கொண்ட பாராட்டா? ‘எல்லோரும் புத்திசாலிகள், எல்லோரும் மனிதர்கள், அமைப்புதான் காரணம்’ என்ற முடிவு அந்த அமைப்பில் லாபம் பார்த்தவர்களுக்கு மிகவும் வசதியான முடிவு. இயக்குநரின் தந்தை மெரில் லிஞ்ச் நிறுவனத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றியவர் என்பது பதிவான செய்தி. அந்த நெருக்கம் படத்துக்குச் செறிவைக் கொடுத்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே நெருக்கம் அதன் கையைக் கட்டிப்போட்டுவிட்டதாகவும் எனக்குத் தோன்றுகிறது.

ஓரக்கண்:

நண்பர் தெற்குவாசல் எழுப்பியிருப்பது இந்தப் படத்தின்மீது வைக்கப்படும் மிக வலுவான குற்றச்சாட்டு என்பதால், சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

வீடிழந்தவர்கள் படத்தில் இல்லாதது மறதி என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கட்டடத்தில் இருந்து பார்த்தால் அவர்கள் தெரியமாட்டார்கள் என்பதே படம் சொல்ல வருவது. நள்ளிரவில் ஜாரெட் கோஹனும் நிறுவனத்தின் தலைமை இடர் அதிகாரி சாரா ராபர்ட்சனும் லிஃப்டில் பேசிக்கொண்டு போகும் காட்சியை மீண்டும் பாருங்கள். நிறுவனத்தின் உயிர்போகும் ரகசியத்தை, யார் பொறுப்பேற்பது என்ற மறைமுகப் பேரத்தை, இருவரும் தயக்கமில்லாமல் பேசுகிறார்கள். அவர்களுக்கு நடுவே தள்ளுவண்டியோடு துப்புரவுப் பணியாளர் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். அவரை நம்பலாம் என்பதால் பேசவில்லை. அவர் இருப்பதே அவர்களுக்குப் பதிவாகவில்லை. நீங்கள் கேட்கும் முகம் அதுதான், தோழரே. படம் அந்தப் பெண்மணிக்கு வசனம் கொடுத்து நம் கண்ணீரை வாங்கியிருக்கலாம். கொடுத்திருந்தால் அந்த லிஃப்ட் பொய்யாகிப்போயிருக்கும்.

அனுதாபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படம் இவர்களைப் புரியவைக்கிறது என்பது உண்மை; மன்னிக்கிறது என்பது உண்மையில்லை. ஆட்குறைப்பு முடிந்த உடனே சாம், மிஞ்சியிருப்பவர்களைக் கூட்டி வைத்துப் பேசுகிறார். தளத்தில் 80 சதவீதம் பேர் போய்விட்டார்கள், அவர்கள் நல்லவர்கள், திறமையானவர்கள், ஆனால் நீங்கள் அவர்களைவிட மேலானவர்கள் என்று உற்சாகப்படுத்துகிறார், கைதட்டல் எழுகிறது. மறுநாள் அதே கைதட்டியவர்களிடம் விற்றுத் தீர்க்கச் சொல்கிறார். விற்று முடித்தவர்களில் பெரும்பாலோர் அன்றே வெளியேற்றப்படுகிறார்கள். படத்தின் மிக நல்ல மனிதர் என்று நாம் கருதும் சாம்தான் இரண்டு உரைகளையும் நிகழ்த்துகிறார். அவருடைய குரலில் நடுக்கம் இருக்கிறது என்பதற்காக விளைவு மாறிவிடவில்லை. கெவின் ஸ்பேசி இந்த வேடத்தைத் தளர்ந்த தோள்களோடு நடித்திருக்கும் விதம் நம்மை அவர் பக்கம் சாய வைக்கிறது. சாய்ந்த பிறகு அவர் என்ன செய்தார் என்று எண்ணிப் பார்க்க வைக்கிறது.

சாராவையும் மறக்க வேண்டாம். ஆபத்தைப் பற்றி முன்பே எச்சரிக்கைகள் மேலே போயிருந்தன என்பது இரவின் போக்கில் தெரியவருகிறது. ஆனால் ஊழியர்களுக்கும் இயக்குநர் குழுவுக்கும் காட்ட ஒரு தலை வேண்டும் என்று டல்ட் முடிவு செய்யும்போது, அந்தத் தலை அவருடையதாகிறது. டெமி மூர் அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் விதத்தில் அழுகை இல்லை, ஆத்திரமும் அதிகம் இல்லை. இந்த விளையாட்டின் விதி தெரிந்தவர் தோற்கும்போது வரும் வறட்சி மட்டுமே இருக்கிறது.

பாலம்கட்டி:

நான் கட்டடப் பொறியாளன். என் ஆர்வம் எரிக் டேலின் பாலத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் அதைப் பற்றி இங்கே எவரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

காலையில் வில் எமர்சன் டேலை அவருடைய வீட்டு வாசற்படியில் கண்டுபிடிக்கும்போது, டேல் தன் பழைய வாழ்க்கையைச் சொல்கிறார். நிதித்துறைக்கு வருமுன் அவர் பொறியாளர். ஒஹாயோ ஆற்றின் குறுக்கே, ஒஹாயோ மாநிலத்தின் டில்லஸ் பாட்டம் என்ற இடத்தையும் மேற்கு வர்ஜீனியாவின் மவுண்ட்ஸ்வில் நகரையும் இணைக்கும் பாலத்தைக் கட்டியவர். அந்த இடத்தில் 1986 இல் திறக்கப்பட்ட பாலம் உண்மையிலேயே இருக்கிறது. நாளொன்றுக்கு 12,100 பேர் பயன்படுத்துகிறார்கள், ஒரு வழிக்கு 35 மைல் மிச்சம், 22 ஆண்டுகள், மணிக்கு 50 மைல் வேகம் என்று அவர் மனக்கணக்காகவே பெருக்கிக்கொண்டு போய், அந்த ஒரு பாலம் மக்களுடைய வாழ்வில் 1,531 ஆண்டுகளை மிச்சப்படுத்தியது என்று முடிக்கிறார். ஸ்டான்லி டூச்சி எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், சரக்குப் பட்டியல் வாசிப்பதுபோல இதைச் சொல்கிறார்.

தொழில் பழக்கத்தால் நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மைல்கள் சரி, மணிகளும் ஏறத்தாழ சரி, 13.4 கோடி மணி நேரத்தை நாட்களாக்கும் இடத்தில் ஒரு பூஜ்யம் விழுந்துவிட்டது. சரியான விடை 15,300 ஆண்டுகளுக்கு மேல். இடர் கணக்கின் தலைவர் பத்து மடங்கு தவறுகிறார் என்பதில் பெரிய உட்பொருள் தேட நான் விரும்பவில்லை. காட்சி அந்த எண்ணை நம்பி நிற்கவில்லை. அது நம்பி நிற்பது, ஒரு மனிதன் தன் உழைப்பின் பயனைத் தனக்கே நிரூபித்துக்கொள்ளும் பதற்றத்தை. இத்தனைக்குப் பிறகும் டேல் திரும்ப அலுவலகத்துக்கு வருகிறார். வராவிட்டால் பணிநீக்கத்தோடு வரவேண்டியதற்கெல்லாம் சிக்கல் வரும் என்று உணர்த்தப்படுகிறது. வந்தால், ஓர் அறையில் பேசாமல் உட்கார்ந்திருப்பதற்கே பெரும் தொகை கிடைக்கும். பாலம் கட்டியவரை வாயை மூடிக்கொண்டிருப்பதற்காகக் கூலிக்கு அமர்த்துகிறார்கள்.

இதையே கடைசிப் பகுதியில் சாம் வேறு விதமாகச் சொல்கிறார். இத்தனை ஆண்டுகள் நீ பள்ளம் தோண்டிக்கொண்டிருந்திருக்கலாம் என்று டல்ட் சொல்லும்போது, அப்படிச் செய்திருந்தால் காட்டுவதற்குச் சில பள்ளங்களாவது மிஞ்சியிருக்கும் என்கிறார். அதன்பிறகு அன்றிரவு, முன்னாள் மனைவியின் வீட்டு முற்றத்தில், இறந்துபோன நாய்க்காகக் குழி தோண்டுகிறார். மண்வெட்டிச் சத்தம் பெயர்ப்பட்டியல்மீதும் தொடர்கிறது. நாய்க் கதையை மிகையான உணர்ச்சி என்று சிலர் குறை சொல்கிறார்கள். அந்த வசனத்தைக் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

மழைக்குறிப்பு:

தயாரிப்பு விவரங்களையும் பதிவு செய்துவிடுகிறேன். சாண்டோருக்கு இது முதல் முழுநீளப் படம். சுமார் 35 லட்சம் டாலர் செலவில், 17 நாட்களில் எடுக்கப்பட்டது. நியூயார்க்கில் ஒன் பென் பிளாசா கட்டடத்தின் 42ஆவது தளத்தில், வர்த்தக நிறுவனம் ஒன்று காலி செய்துவிட்டுப் போன இடத்தில் பெரும்பகுதி படமாக்கப்பட்டது. பீட்டராக நடித்த ஜக்கரி குவின்டோ தயாரிப்பாளர்களில் ஒருவர். 2011 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் முதலில் திரையிடப்பட்டு, அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது அக்டோபரில். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், செப்டம்பர் 17 அன்று, நிதி நிறுவனங்களின் பேராசைக்கு எதிரான வால் தெரு ஆக்கிரமிப்புப் போராட்டம் தொடங்கியிருந்தது. இவ்வளவு வசனம் எழுதிய மனிதர் அடுத்து எடுத்தது, ஒரே நடிகரோடு, ஏறத்தாழ வசனமே இல்லாத ஒரு கடல் படம் என்பது வேடிக்கையான தகவல்.

தெற்குவாசல்:

லிஃப்ட் காட்சியைப் பற்றி ஓரக்கண் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. என் ஆட்சேபம் அதனால் குறைகிறதே தவிர அகலவில்லை. அது இருக்கட்டும். பேராசையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இந்தப் படம் லட்சியத்தைப் பற்றியும் பேசுகிறது, அங்கேதான் அது எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது.

மொட்டை மாடியில் இளைஞர்கள் இருவரும் வில்லிடம் அவருடைய சம்பளத்தை விசாரிக்கிறார்கள். சென்ற ஆண்டு 25 லட்சம் டாலர் என்கிறார். அவ்வளவும் எங்கே போனது என்று கேட்டதும், வரி பாதி, வீட்டுக்கடன், பெற்றோருக்கு அனுப்பியது, கார், உணவகங்கள், துணிமணி, சேமிப்பு என்று அடுக்கிக்கொண்டே வந்து, மது, நடன விடுதி, விலைமாதர் வகையில் 76,520 டாலர் என்று சில்லறை பிசகாமல் முடிக்கிறார். பால் பெட்டனி இதைச் சொல்லும் தொனியில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. 25 லட்சம் டாலரும் செலவாகிவிடும் என்பதை நாம் அங்கே நம்பத் தொடங்குகிறோம். அந்த வருமானத்தை ஒருமுறை தொட்டவன் அதற்குக் கீழே இறங்க முடியாதபடி வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறான். அதற்குப் பிறகு அவனைக் கட்டுப்படுத்த மிரட்டல் தேவையில்லை.

செத் பிரெக்மன் படம் முழுவதும் மற்றவர்களின் சம்பளத்தையே விசாரித்துக்கொண்டிருக்கிறான். நாம் அவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். பிறகு கழிவறையில் அவன் அழுதுகொண்டிருக்க, வெளியே முகம் மழித்துக்கொண்டிருக்கும் ஜாரெட்டிடம், தன் வாழ்வில் தான் செய்ய விரும்பியது இந்த வேலை மட்டும்தான் என்கிறான். அப்படியா என்று ஜாரெட் கேட்கிறார். சைமன் பேக்கர் அந்த ஒற்றைக் கேள்வியில் வியப்பை மட்டுமே வைக்கிறார். அதில் ஏளனம் இல்லை. உச்சியில் இருப்பவருக்கு அந்த ஆசை விளங்கவே இல்லை என்பது எனக்கு டல்டின் எல்லாப் பிரசங்கங்களையும்விடக் கூர்மையாகத் தெரிகிறது.

ஆனால் கணக்குப்பிள்ளையிடம் ஒரு கேள்வி: இப்படி விற்றது குற்றம் இல்லையா? படம் அதைத் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறதே?

கணக்குப்பிள்ளை:

ஓடவில்லை என்றே நினைக்கிறேன். விடியற்காலைக் கூட்டத்தில் அந்தக் கேள்வி நேராகவே எழுகிறது. ஒழுங்குமுறை அமைப்புகளால் தாமதப்படுத்த முடியுமே தவிரத் தடுக்க முடியாது, சரக்கு உங்களுடையது, விற்கலாம் என்று பதில் வருகிறது. மதிப்பில்லாதது என்று தெரிந்தே விற்கிறீர்கள் என்று சாம் சொல்லும்போது, வாங்க விரும்புபவரிடம் அன்றைய சந்தை விலைக்கு விற்கிறோம் என்று டல்ட் திருத்துகிறார். அதற்குச் சாம் தரும் எதிர்வாதம் ஒழுக்கம் சார்ந்ததாகக்கூட இல்லை. இனி அவர்களிடம் எதையும் விற்க முடியாது என்ற வியாபார வாதம்தான் அவரிடம் இருக்கிறது.

அந்த அறையில் நடக்கும் விவாதம் பின்னர் உண்மை உலகில், பொது மேடையில் நடந்தது. முதலீட்டு வங்கியான கோல்ட்மன் சாக்ஸ் 2006 டிசம்பருக்குப் பிறகு வீட்டுக்கடன் சந்தையில் தன் இருப்பைக் குறைக்கத் தொடங்கியது. 2010 ஏப்ரல் 27 அன்று அமெரிக்க செனட் துணைக்குழு அதன் அதிகாரிகளை அழைத்து, நீங்களே நம்பாத பத்திரங்களை ஏன் வாடிக்கையாளர்களுக்கு விற்றீர்கள் என்று மணிக்கணக்கில் கேட்டது. நாங்கள் சந்தையை நடத்துபவர்கள், எதிரே இருந்தவர்கள் விவரம் அறிந்த முதலீட்டாளர்கள், அவர்கள் கேட்டதைக் கொடுத்தோம் என்ற வகையில்தான் பதில் இருந்தது. அபாகஸ் என்ற ஒரு பத்திரத்தைப் பற்றிய வழக்கில் அந்த நிறுவனம் 2010 ஜூலையில் 55 கோடி டாலர் செலுத்திச் சமரசம் செய்துகொண்டது; அதுவும் பத்திரங்களைத் தேர்ந்தெடுத்ததில் அவை சரியும் என்று பந்தயம் கட்டியவருக்கும் பங்கு இருந்ததைச் சொல்லவில்லை என்ற குறைக்காக. மோசமான சரக்கை விற்றதற்காக இல்லை. ஆகவே டல்டின் வாதம் சட்டத்தின் முன் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைப் படம் சரியாகவே எடைபோட்டிருக்கிறது.

இன்னொரு இணைப்பும் உண்டு. சிட்டிகுரூப் வங்கிக் குழுமத்தின் தலைவர் சக் பிரின்ஸ் 2007 ஜூலையில் ஃபைனான்ஷியல் டைம்ஸ் இதழிடம், இசை ஒலிக்கும்வரை எழுந்து ஆடத்தான் வேண்டும் என்ற பொருளில் பேசியது அப்போதே புகழ்பெற்றது. அதே நவம்பரில் அவர் பதவி விலகினார். டல்டும் கூட்டத்தில் இசையைப் பற்றித்தான் பேசுகிறார். ஒரு வாரம், ஒரு மாதம், ஓர் ஆண்டு கழித்து இசை என்னவாகும் என்று ஊகிப்பதற்குத்தான் தனக்குச் சம்பளம், இன்றிரவு தனக்கு எதுவும் கேட்கவில்லை என்கிறார். இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் நேர்மையில் இல்லை. டல்ட் சந்தையிலிருந்து முதலில் வெளியேறுகிறார், அவ்வளவுதான். முந்திக்கொள், மற்றவரைவிட அறிவாளியாக இரு, அல்லது ஏமாற்று என்ற மூன்று வழிகளில் முதலாவதுதான் எளிது என்று அவரே சொல்கிறார்.

ஓரக்கண்:

டல்டைப் பற்றிச் சொன்னதால், கடைசியாக அந்தச் சாப்பாட்டு அறைக் காட்சி. விற்பனை முடிந்துவிட்டது. டல்ட் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பதவியை விட்டுப் போகிறேன் என்று சொல்ல வந்த சாமிடம், 1637 இல் தொடங்கி 1797, 1819 என்று 2000 வரை நெருக்கடி ஆண்டுகளை வரிசையாகச் சொல்லி, இது எப்போதும் நடப்பதுதான், நாம் காரணமும் இல்லை, தடுக்கவும் முடியாது என்கிறார். ஜெரமி அயர்ன்ஸ் அதை மெல்லிய உற்சாகத்தோடு, உணவை மென்றுகொண்டே சொல்வதால் அது தத்துவம்போலக் கேட்கிறது. ஆனால் அந்தப் பட்டியலைக் கவனியுங்கள்: அதில் ஆண்டுகள் மட்டுமே இருக்கின்றன. எந்த நெருக்கடியிலும் யார் என்ன செய்தார்கள் என்பது இல்லை. தன் பெயரையும் அதில் ஓர் ஆண்டாக மாற்றிக் கரைத்துவிட அவர் அவசரப்படுகிறார்.

சாம் இணங்குகிறார். உன் வாதத்தை ஏற்றுக்கொண்டதால் இல்லை, எனக்குப் பணம் தேவை என்று அவரே சொல்லிவிடுகிறார். பல ஆண்டுகள் இப்படிச் சம்பாதித்த மனிதருக்கு இன்னும் பணம் தேவைப்படுகிறது என்பதற்குப் படம் விளக்கம் தருவதில்லை. வில்லின் செலவுக் கணக்கைக் கேட்டுவிட்ட நமக்கு விளக்கம் தேவையும் இல்லை.

அந்தக் காட்சியில் பலர் கவனிக்காமல் விடுவது பீட்டருக்குக் கிடைக்கும் பதவி உயர்வை. தெற்குவாசல், லட்சியத்தைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செத்தின் வேலை போய்விட்டது, டேலுக்கு வாய்ப்பூட்டுப் போட்டாகிவிட்டது, சாரா வெளியேற்றப்பட்டார். உண்மையைக் கண்டுபிடித்த பையனுக்கு மட்டும் ஏற்றம். அவன் கேட்கவில்லை, மறுப்பதற்கான காட்சியும் அவனுக்குக் கொடுக்கப்படவில்லை. அவன் இனி டல்ட் ஆவானா, டேல் ஆவானா என்று பலர் கேட்கிறார்கள். என் கணிப்பு, அவன் சாம் ஆவான் என்பது: பத்தாண்டுகள் கழித்து ஒரு தளத்தின் நடுவே நின்று, மிஞ்சியிருப்பவர்களைப் பார்த்து, நீங்கள்தான் மேலானவர்கள் என்று சொல்லும் இடத்துக்கு வருவான், அந்த உரையை அவன் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறான், கைதட்டியவர்களோடு நின்றுமிருக்கிறான். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.